சூப்பர் ஹீரோ தொடர்: கூட்டாளிமாரை எப்படி உட்கார வைப்பது?

2025 ஜூன் 6, கேள்வி

"நான் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம். என் கூட்டாளிமார் கிரிக்கெட், கொரியன் சீரியல், தமிழ்ப் படம் என்று எதையும் விடமாட்டார்கள். சூப்பர் ஹீரோ தொடர் என்றால் மட்டும் 'அது சின்னப் புள்ளைங்க பாக்குறது'ன்னு எழும்பிப் போய்விடுகிறார்கள். எதிலிருந்து தொடங்கினால் உட்காருவார்கள்? பார்க்க வேண்டிய வரிசை யாரிடமாவது இருக்கா?"

ஜூன் 7

வரிசை இருக்கு தம்பி. ஆனா அதைக் கையில் கொடுத்த நிமிஷமே ஆள் தப்பித்துவிடுவார். "லோக்கி பார்க்கணும்னா முதல்ல இந்தப் படம், அப்புறம் அந்தப் படம், நடுவுல இது" என்று சொல்லிப் பாருங்கள், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) சிலபஸை முதல்முறை பார்த்த பிள்ளை மாதிரி முகம் போகும்.

அதைவிட மோசமான பேச்சு ஒன்று உண்டு: "ஆரம்பம் கொஞ்சம் இழுவைதான், பொறுத்துக்கோ, போகப் போக நல்லா வரும்." ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் அப்படிப்பட்ட தொடர். 2013இல் தொடங்கி 2020 வரை ஓடியது. முதல் சீசனின் 17ஆம் எபிசோட்டில், 2014 ஏப்ரலில் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தோடு சேர்ந்து கதை புரள்கிற இடத்தில்தான் அதற்கு உயிர் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த தொடர். ஆனாலும் விடியக்காலை எழும்பித் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய், பின்னேரம் நனைந்து வருகிற ஒரு மனுசனிடம் "16 எபிசோட் பொறு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் முதலில் நீட்டுவது டேர்டெவில். 2015இல் வந்த பழையது, சீசனுக்கு 13 எபிசோட். சிரிக்கிறவர்களின் பெரிய ஆயுதமே உடுப்புத்தான், "ஜட்டிய வெளிய போட்டவன்" என்று தொடங்குவார்கள். இதில் அந்தச் சிவப்பு உடுப்பு முதல் சீசனின் கடைசி எபிசோட்டில்தான் வருகிறது. அதுவரைக்கும் கண்ணை மறைத்துக் கறுப்புத் துணி கட்டிய ஒருத்தன், அவ்வளவுதான். பகலில் சட்டத்தரணி. கண் தெரியாது. அப்பா குத்துச்சண்டைக்காரர்; பணம் வாங்கிக்கொண்டு தோற்கச் சொன்னார்கள், தோற்க மறுத்துச் செத்துப் போனவர். இதில் சிரிக்க என்ன இருக்கு?

தலவாக்கலையில் த்ரீவீல் ஓட்டுகிற கூட்டாளி ஒருத்தனுக்கு இதைத்தான் போனில் போட்டுக் கொடுத்தேன். த்ரீவீல் நிறுத்துகிற பார்க்கில் ஹயர் வரும்வரை பார்ப்பான். முதல் இரண்டில் "ம்" என்றான். மூன்றாவதில் தூங்கிவிட்டதாக அவனே சொன்னான். ஐந்தாவதில்தான் ஆள் மாட்டினான். அதில் கார்டெனாஸ் என்று ஒரு வயசான அம்மா வருவார். வாடகை வீடு. கட்டடக்காரனுக்கு அந்த இடத்தில் விலை கூடிய புது வீடுகள் கட்ட வேண்டும். பழுது பார்க்க என்று ஆள் அனுப்பி, உள்ளே இருப்பதை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறான். அந்த அம்மா இடத்தை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறார்.

அன்று இரவே எனக்கு வாய்ஸ் மெசேஜ்: "மச்சான், இது நம்ம லயத்துக் கதைடா. உறுதி இல்லாத காம்பராவுல இருக்குற எங்க சித்திதான் அந்தக் கெழவி." (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு அறை, உறுதி என்றால் காணிப் பத்திரம்.) அப்புறம் வீடு கட்டக் கொடுக்கிற ஏழு பேர்ச் காணி, உறுதி, யார் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நீளமாகப் பேசினான். டேர்டெவிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனா அந்தக் கிழமைக்குள் சீசனை முடித்துவிட்டான்.

அதனால் என் பதில்: கூட்டாளிக்கு எதில் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அந்தக் கோபம் எந்தத் தொடரில் எந்த எபிசோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அதை முதலில் போடுங்கள். வரிசை பின்னால் தானாக வரும்.

ஜூன் 8

"அப்போ ஐந்தாவதிலிருந்தே தொடங்கலாமா?" என்று கேட்டவருக்கு: தொடங்கலாம். கதை விளங்காமல் போகாது.

ஜூன் 10

போயா லீவு, கடை பூட்டு. இன்னும் யோசித்தேன்.

ஐந்தாவதிலிருந்து தொடங்கலாம் என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒரு நட்டம் இருக்கிறது. முதல் மூன்று எபிசோட்டில் வில்லனின் பெயரைச் சொல்லவே எல்லாருக்கும் பயம். மூன்றாவதில் பெயரைச் சொல்லிவிட்ட ஒருத்தன், அதன் பிறகு உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மேல் என்று தன்னையே முடித்துக்கொள்கிறான். அந்த எபிசோட்டின் முடிவில்தான் அந்த வில்லன் ஃபிஸ்க்கின் முகம் தெரியும். பார்த்தால் ஒரு வெள்ளை ஓவியத்தின் முன்னால் வெட்கத்தோடு நிற்கிற ஒரு பெரிய உருவம்! இந்த ஏற்பாடு எல்லாம் ஐந்திலிருந்து ஏறுகிறவருக்குக் கிடைக்காது. தூக்கம் வராத கூட்டாளி என்றால் ஒன்றிலிருந்தே போங்கள்.

சண்டைப் பிரியர்களுக்கு வேறு வழி. இரண்டாம் எபிசோட்டின் கடைசியில் ஒரு நடைபாதைச் சண்டை. கடத்தப்பட்ட பையனை மீட்க டேர்டெவில் போகிறான். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது போலத் தெரியும். நம் படங்களில் இருபது பேரை அடித்தபின் ஹீரோ தலைமுடியைச் சரிசெய்வார். இங்கே இவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், விழுகிறான், விழுந்த இடத்திலிருந்து எழும்பித் திரும்ப அடிக்கிறான். அடி வாங்கினவர்களும் படுத்தே கிடப்பதில்லை, எழும்பி வருகிறார்கள். படம் பார்த்துச் சண்டைக்கு மார்க் போடுகிற கூட்டாளி எல்லாருக்கும் உண்டு. அவருக்கு இந்தச் சில நிமிஷம் போதும்.

ஜூன் 14

"சின்னப் புள்ளைங்க பாக்குறது" என்ற பேச்சுக்கு என்னிடம் உள்ள மறுமொழி இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரோடுதான். எங்கள் சித்தப்பா தகரப் பெட்டியில் அட்டை கிழிந்த புத்தகங்களை இன்னும் வைத்திருக்கிறார். பெட்டியைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. அதே சித்தப்பாதான் நான் போனில் தொடர் பார்த்தால் "என்னாடா இது, காத்துல பறக்குறானுங்க" என்பார்.

நான் கேட்டேன், "சித்தப்பா, மின்சாரம் பாய்ஞ்சா கை மட்டும் தெரியும், ஆள் தெரியமாட்டார். அது மட்டும் நடக்குமா?" "அது வேற" என்றார். எப்படி வேற என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம், மாயாவி நம் நாட்டில் பிழைத்திருக்க மாட்டார். 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, மறைவதற்குக் கரண்ட் இல்லாமல் டவுனில் பிளேன்டீ குடித்துக்கொண்டு எல்லார் கண்ணிலும் பட்டிருப்பார்.

சக்திமான் மட்டும் நல்ல ஞாபகம், மற்றதெல்லாம் பேத்தல் என்று எழுதியவருக்கும் இதே பதில்தான். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான், கண்ணாடி போட்டுப் பல்லைத் துருத்திக்கொண்டு கங்காதராகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார். கண்ணாடியும் ஒரு பத்திரிகை ஆபீசும் இருந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது, சூப்பர்மேனும் அப்படித்தானே. வெள்ளைக்காரன் செய்தால் பேத்தல், நம்மவர் செய்தால் ஞாபகமா?

ஜூன் 15

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டாளியைப் பற்றியது இல்லை, அப்பாயியைப் பற்றியது.

மிஸ் மார்வெல் என்று 2022இல் ஆறு எபிசோட்டில் ஒரு தொடர் வந்தது. கமலா கான் என்று அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தான் குடும்பத்துப் பெண்பிள்ளை. கொள்ளுப்பாட்டியின் வளையல் ஒன்று கைக்கு வர, அதிலிருந்து ஒளி கிளம்புகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில். மழை. அப்பாயி பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் எபிசோட், 1947, பிரிவினை. கராச்சிக்குப் போகிற கடைசி ரயில். ஸ்டேஷன் முழுக்கச் சனம். ஆளாளுக்குப் பெட்டி, மூட்டை, பிள்ளை. ஒரு சின்னக் குழந்தை அப்பாவின் கையை விட்டுக் கூட்டத்தில் தொலைகிறது.

இடிக்கிற சத்தம் நின்றது.

"இது எந்தூரு கோச்சி?"

சொன்னேன். இந்தியாவைப் பிரித்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது என்று.

"நம்மள மாதிரியா?"

எங்கள் பக்கத்து இளசுகளுக்கே இந்தக் கதை முழுசாகத் தெரியாது என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனம் நாடில்லாதவர்களானது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மலையிலிருந்து கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அழுகைக் கோச்சி என்றுதான் அதற்குப் பெயர்.

அப்பாயியின் அக்கா அதில் போனவர். அப்பாயி இதை எங்களிடம் சொல்லியிருக்கிறார், ஆனால் கல்யாணப் பேச்சுக்கு நடுவில், யார் யாருக்கு என்ன முறை என்ற கணக்குக்காக. அன்று வேறு மாதிரிச் சொன்னார். "பொட்டியில கைப்புடி அறுந்து போச்சு. எங்கக்கா சீலையக் கிழிச்சுக் கட்டுச்சு. கட்டிக்கிட்டே இருக்கையில கோச்சி ஊதிருச்சு." இதற்கு முன் கைப்பிடிக் கதை எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

நான் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாத, அந்தப் புள்ள ஏறுச்சா?" என்றார். திரும்பப் போட்டேன். வசனத்தை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கமலா காலத்தைத் தாண்டி அங்கே போய் நின்று, தன் ஒளியால் வழிகாட்டி, குழந்தையை அப்பாவிடம் சேர்க்கிறாள். அந்தக் குழந்தைதான் கமலாவின் பாட்டி. அப்பாயி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம், "அந்தக் கையில என்னா வெளிச்சம்? சாமி புள்ளையா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 17

கேட்டவர்களுக்கு: இல்லை, அப்பாயி மற்ற எபிசோட்டுகளைப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். "புள்ளதான் ஏறிருச்சே" என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. மிஸ் மார்வெலின் வில்லி யார், மற்ற எபிசோட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வில்லிப் பகுதி எனக்கும் தேவைப்படவில்லை, தொடரின் சோர்வான இடம் அதுதான்.

ஒருத்தர் எழுதியிருக்கிறார், இது பார்க்க வைத்ததாகக் கணக்கில் வராது, ஒரு எபிசோட்தானே என்று. எனக்கு வரும்.

ஜூன் 22

டீச்சர் அக்கா ஒருத்தர் எங்கள் கொமினிகேஷன் கடைக்குப் பரீட்சைப் பேப்பர் போட்டோகொப்பி எடுக்க வருவார். மெஷின் ஓடும்வரைக்கும் பேச்சு. சூப்பர் ஹீரோ என்ற சொல்லையே எடுக்காமல் "துப்பறியும் பொம்பளை ஒருத்தர், குடிகாரி, வாயும் கூட" என்று ஜெசிகா ஜோன்ஸைச் சொன்னேன். 2015 நவம்பரில் வந்தது. வில்லன் கில்கிரேவ். அவன் சொன்னால் யாரும் செய்தே ஆக வேண்டும். "சிரி" என்றால் சிரிக்க வேண்டும். அவனிடமிருந்து தப்பி வந்தவள் ஜெசிகா. தப்பி வந்தபின்பும், நீயாகத்தான் போனாய் என்று அவளிடமே வாதாடுகிறான்.

டீச்சர் அக்கா என்னைவிட வேகமாக முதல் சீசனை முடித்துவிட்டு வந்து, "தம்பி, இது சூப்பர் ஹீரோ கதையில்ல, இப்படி ஆம்பளைங்களை எனக்கு நேர்லயே தெரியும்" என்றார். "அவளுக்குக் கார் தூக்குற பலம் இருக்கே அக்கா?" "அது அவளுக்கு ஒண்ணுக்கும் ஒதவலையே." பதில் சொல்ல முடியவில்லை. கொப்பிக் காசு வாங்க மறந்துபோனேன்.

இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அப்படி ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் நம் கூட்டாளிகளிலும் இருப்பார்கள். கதை எதைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

ஜூன் 28

ஹீரோஸ். 2006. யாருக்காவது ஞாபகம் இருக்கா? அதில் சென்னையிலிருந்து ஒரு மரபணுப் பேராசிரியர் வருவார், செந்தில் ராமமூர்த்தி நடித்தது. நடிகர் பெயர் செந்தில், கதாபாத்திரத்தின் பெயர் மொகிந்தர் சுரேஷ். சென்னை வாத்தியாருக்கு மொகிந்தர் என்று பெயர் வைத்தவருக்கு எதிரிலேயே ஒரு செந்தில் நின்றிருக்கிறார், அவரிடமாவது கேட்டிருக்கலாம்.

முதல் சீசன் 23 எபிசோட், இன்றைக்கும் தாங்கும். இரண்டாவது சீசன் நடந்துகொண்டிருக்கையில் 2007இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வந்து 11 எபிசோட்டோடு நின்றுபோனது. வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கொடுக்கும்போதே "முதல் சீசனோடு நிறுத்திக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பேன். எங்கே இறங்கலாம் என்று தெரிந்தால் ஏறுவதற்கு ஆட்கள் யோசிப்பதில்லை.

ஜூலை 5

ஃப்ளாஷைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். சரி. 2014 முதல் 2023 வரை, ஒன்பது சீசன், 184 எபிசோட். ஒன்று 42 நிமிஷம் என்று வைத்தால் ஏறக்குறைய 129 மணி நேரம். இதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் தையல் கடைத் தங்கச்சி ஒருத்தி சிரித்தாள். "எங்கம்மா பாக்குற சீரியல் இதுக்கு மேல அண்ணே." அது நியாயம். நீளம் நம் வீடுகளில் ஒரு குறையே இல்லை. ஃப்ளாஷாக ஓடுகிற பேரியின் அம்மாவைச் சின்ன வயதில் அவன் கண்ணெதிரே கொன்றுவிட்டார்கள், செய்யாத கொலைக்கு அப்பா ஜெயிலில். இதைவிட அம்மா பாசம் வேண்டுமா? அந்த அப்பாவாக வருகிற ஜோன் வெஸ்லி ஷிப், 1990இல் வந்த பழைய ஃப்ளாஷ் தொடரில் தானே ஃப்ளாஷாக ஓடியவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஜெயில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்து பேசுகிற காட்சி இன்னும் கனக்கும்.

ஆனா டேட்டா? போன கிழமை முழுக்க மழை, சிக்னல் வேண்டுமென்றால் மேல் மலைக்கு ஏறிப் போக வேண்டும், அங்கே அட்டைக் கடி. ஆறாறு எபிசோட்டில் இரண்டு சீசனோடு முடிகிற லோக்கி மாதிரியானவைதான் நம் காலநிலைக்கு. சிக்னல் இருக்கிற வீட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 6

தி போய்ஸ் பற்றி: வீட்டில் போடாதீர்கள். அதற்குமேல் எழுதவேண்டாம் என்றிருந்தேன், கேட்கிறீர்கள் என்பதால். முதல் எபிசோட் தொடங்கிச் சில நிமிஷத்திலேயே, வேகமாக ஓடுகிற சூப்பர் ஹீரோ ஒருத்தன் தெருவில் நின்ற ஒரு பெண்ணின் ஊடாகவே ஓடிப் போகிறான். அவளோடு பேசிக்கொண்டிருந்தவன் கையில் அவளுடைய கை மட்டும் மிச்சம். கூட்டாளி ஒருத்தன் இதை மாமா, அத்தை, கோழிக்கறி எல்லாம் முன்னால் இருக்கையில் பெரிய டிவியில் போட்டிருக்கிறான். மாமா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனவர், அதற்குப் பின் அந்த வீட்டில் ரிமோட்டை யாருக்கும் கொடுப்பதில்லை.

தொடர் நல்லதுதான். சூப்பர் ஹீரோக்கள் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனிக்கு லாபம்தான் கணக்கு என்பதை இதைப் போல எந்தத் தொடரும் உரித்துக் காட்டவில்லை. தனியாக, சாப்பிட்டு முடித்தபின் பாருங்கள்.

ஜூலை 19

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். சண்டைக்கு மார்க் போடுகிற கூட்டாளிக்கு நடைபாதைக் காட்சியைக் காட்டினாராம், பத்தில் ஏழு கிடைத்ததாம். ஏழு என்றால் அவர் அடுத்த எபிசோட்டைக் கேட்பார் தம்பி, நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இங்கே த்ரீவீல் மச்சான் எல்லை மீறிவிட்டான். 2025 மார்ச்சில் தொடங்கிய டேர்டெவில்: போர்ன் அகெய்ன் முதல் சீசன் ஒன்பது எபிசோட்டையும் முடித்துவிட்டு, இப்போது பார்க்கில் நிற்கிற மற்ற டிரைவர்மாரையும் பார்க்க வைக்கப் பார்க்கிறான். எப்படி? வரிசை எழுதி! சிகரெட் பெட்டி அட்டையில் டேர்டெவில் ஒன்று, இரண்டு, ஜெசிகா ஜோன்ஸ், லூக் கேஜ், நடுவில் டிஃபென்டர்ஸ் எட்டு எபிசோட், எதை எதற்குப் பின் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி வேறு. ஒருத்தரும் பார்க்கவில்லை என்று என்னிடம் வந்து குறைப்படுகிறான்.

"ஃபிஸ்க் நியூயோர்க்குக்கு மேயர் ஆகுறான்னு மட்டும் சொல்லிப் பாரேன்டா" என்றேன்.

சொல்லியிருக்கிறான். பார்க்கில் மூத்த அண்ணன் ஒருத்தர், தோட்டத்து நாள் சம்பளம் 1,700 ரூபாய் ஆகும் ஆகும் என்று அப்போது பேச்சு மட்டும் நடந்ததைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்தாராம். "அடிச்சுப் பறிச்சவன் எலக்ஷன்ல நின்னு ஜெயிச்சானா? அதுல என்னாடா புதுசு?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, "எத்தனையாவதுல ஜெயிக்கிறான்?" என்றாராம்.